இரண்டாவது பாடலில் பேசுபவர் யார்?

1990இல் அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தரவரிசையின் முதலிடத்தை எட்டியது. அதே தொகுப்பிலிருந்து அடுத்துத் தனிப்பாடலாக வந்த 'தி எம்பரர்ஸ் நியூ க்ளோத்ஸ்' பிரிட்டனில் 31ஆம் இடத்தோடும் அமெரிக்கப் பொதுத் தரவரிசையில் 60ஆம் இடத்தோடும் நின்றது. ஓ'கானரை 'ஒரே பாடலில் புகழ்பெற்றவர்' எனச் சுருக்குவோர் இந்த இறக்கத்தையே சான்றாகக் காட்டுகின்றனர்.

அச்சான்று வலுவற்றது. அமெரிக்காவின் நவீன ராக் தரவரிசையில் இதே பாடல் முதலிடம் பெற்றது. ஆகவே, மாறியது பாடலின் தரமன்று, கேட்போர் வட்டம்.

அகப்பாடல்களில் புலவர் வேறு, கூற்றுக்குரியவர் வேறு எனப் பிரித்தறியும் மரபு இங்கு உதவும். முதற்பாடல் பிரின்ஸ் எழுதியது. 'தி ஃபேமிலி' குழு 1985இலேயே வெளியிட்டது. அதில் ஓ'கானர் தந்தது குரல். இரண்டாவதில் சொற்களும் அவருடையவை: தாய்மை, புகழ், பிறர் கூறும் அறிவுரை ஆகியவற்றினிடையே தன் மனச்சான்றின்படி வாழும் உரிமையை ஒரு பெண் வாதிடுகிறாள்.

அவ்வாண்டு ஆகஸ்டில், நியூ ஜெர்சியில் தன் நிகழ்ச்சிக்கு முன் அமெரிக்க நாட்டுப்பண்ணை இசைக்க ஓ'கானர் மறுத்தார். சில வானொலி நிலையங்கள் அவர் பாடல்களை நிறுத்தின. பிரிவுக்காகக் கண்ணீர் சிந்திய பெண்ணைக் கொண்டாடிய ஊடகம், கருத்துரைத்த பெண்ணிடம் முகம் திருப்பியது.

அன்றைய தரவரிசை அளந்தது விற்பனையையும் ஒலிபரப்பையும் மட்டுமே. அதைக் கலைஞரின் அளவுகோலாக்குவது, அவர் தம் சொற்களில் பேசத் தொடங்கிய தருணத்தையே வீழ்ச்சி எனப் பதிவுசெய்வதாகும்.