மகனுக்கு முதல் ஷேவிங் பிரஷ்

சென்ற இதழில் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த பாராட்டும் திட்டுமான கடிதங்களுக்கு நடுவே, புடவைக்கும் கஞ்சிக்கும் சம்பந்தமில்லாத ஒரு கடிதமும் இருந்தது. தஞ்சாவூர் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் தருகிறேன்.

“அக்கா, என் கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன். பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்த மாதம் ஹாஸ்டலுக்குப் போகிறான். மீசை தாடி நன்றாகவே அரும்பிவிட்டது. கன்னத்தில் பருவும் இருக்கிறது. போன வாரம் சிநேகிதனுடைய ரேஸரை வாங்கி ஷேவ் செய்துகொண்டு, முகமெல்லாம் சிவந்து, இரண்டு இடத்தில் ரத்தத்தோடு வந்து நின்றான். ஏண்டா என்று கேட்டால் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். அவன் அப்பா இருந்தால் இதெல்லாம் எனக்குத் தெரியவே வேண்டியதில்லை. அவர் உபயோகித்த பிரஷும் ரேஸரும் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. அவற்றையே கொடுத்துவிடலாமா? புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? கடையில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.”

சகோதரி, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? பிள்ளைக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானே! இதுவும் அந்த மாதிரி ஒரு சுத்தப் பழக்கம்தான். உங்களைப்போல் இன்னும் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். கணவர் வெளியூரில் வேலையாக இருப்பவர்கள், படுத்த படுக்கையாக உள்ள மாமனாருக்குத் தாங்களே முகம் மழித்துவிடுபவர்கள், எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இரவல் ரேஸர் விஷயம்

பிரஷுக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. ரேஸரை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளவே கூடாது. ஷேவ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். பிளேடில் ஒட்டிய துளி ரத்தம் போதும், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி போன்ற கல்லீரல் நோய்க் கிருமிகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடலாம். சிநேகிதன் எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும் சரி, அவனுக்கே தெரியாமல் அந்தக் கிருமி அவன் உடம்பில் இருக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு பயந்து போகாதீர்கள். மகனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி நம் நாட்டு அரசுத் திட்டத்தில் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது 2011-ல்தான். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் சிலருக்குப் போட்டிருக்கும், சிலருக்கு இருக்காது. இரவல் ரேஸரில் ரத்தம் வந்ததைச் சொல்லி, நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஊசி போடாதிருந்தால் இப்போது போட்டுக்கொள்ளலாம். வழக்கமாக மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்குப் பெட்டி படுக்கையைவிட இது முக்கியம்.

பிரஷும் இரவல் ஆகாது. தாடி முளைக்கும் இடத்தில் வரும் படர்தாமரை, முடிக்காலில் சீழ்வைக்கும் சின்னக் கட்டிகள் எல்லாம் இப்படிப் பரவக்கூடியவைதான். சோப்பு, சீப்பு, துண்டு போலத்தான் இதுவும், அவனவனுக்குத் தனி.

அப்பாவின் பிரஷ்

இதைச் சொல்ல எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். ஆறு வருஷம் பெட்டிக்குள் கிடந்த பிரஷை அவன் முகத்தில் வைக்க வேண்டாம். பழைய பிரஷ்கள் பெரும்பாலும் மிருக முடியில் செய்தவை. பட்டுப் புடவையையும் கம்பளியையும் அரிக்கும் பூச்சிகள் அதையும் விடாது. முடிக்கொத்தைப் பிடித்திருக்கும் பசையும் நாளாவட்டத்தில் நொறுங்கியிருக்கும். அடியில் தங்கிய பழைய சோப்பும் ஈரமும் வேறு. பரு உள்ள முகத்துக்கு இது ஆகவே ஆகாது. ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ரேஸர் கதை வேறு. அது முழுக்க உலோகத்தில் செய்த, நடுவில் பிளேடு மாட்டும் பழைய மாதிரி ரேஸராக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். பழைய பிளேடை ஜாக்கிரதையாக எடுத்துப் போட்டுவிட்டு, மரை மரையாகக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் சோப்பு போட்டுத் தேயுங்கள். கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்துத் துடைத்துக் காயவையுங்கள். புது பிளேடு போட்டால் போதும். துருப்பிடித்திருந்தாலும் மரை வழுக்கினாலும் வேண்டாம். ரேஸர் அப்பாவுடையது, பிரஷ் அம்மா வாங்கித் தந்தது என்று இருந்துவிட்டுப் போகட்டுமே!

பிரஷ் எதற்கு?

“நுரையே டப்பாவில் வருகிறதே, பிரஷ் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். டப்பா நுரையில் குற்றமில்லை. ஆனால் பிரஷ் மூன்று காரியம் செய்கிறது. தண்ணீரையும் சோப்பையும் கலந்து கெட்டியான நுரையாக்குகிறது. அந்த ஈரத்தை முடிக்கு ஊட்டுகிறது. படிந்து கிடக்கும் முடியைத் தூக்கி நிறுத்துகிறது. காய்ந்த தாடி முடி முரடு. இரண்டு மூன்று நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால் இளகி, லேசாக இழுத்தாலே பிளேடுக்கு அறுபடும். எரிச்சலும் கீறலும் குறையும். செலவைப் பார்த்தாலும், வாரம் இரண்டு தரம் ஷேவ் செய்யும் பையனுக்கு ஒரு கிரீம் டியூப் பல மாதம் வரும்.

எந்த முடி?

கடையில் கிடைப்பவை நான்கு வகை.

பன்றி முடி: ‘பிரிஸில்’ என்று அட்டையில் போட்டிருந்தால் பெரும்பாலும் இதுதான். விலை மலிவு, கொஞ்சம் விறைப்பு. உபயோகிக்குமுன் சில நிமிஷம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். புதிதில் குத்தும், சில வாரங்கள் போனபின் நுனி பிளந்து மிருதுவாகும். பன்றி முடி கூடாது என்கிற வீடுகளில் கேட்டு வாங்குவது நல்லது.

பேட்ஜர் முடி: குளிர்ப் பிரதேசங்களில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற பிராணியின் முடி. தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சு மொழியில் அந்தப் பிராணிக்கும் ஷேவிங் பிரஷுக்கும் ஒரே பெயர்தான்! ‘பியூர்’, ‘சூப்பர்’, ‘சில்வர்டிப்’ என்றெல்லாம் தரம் போட்டிருப்பார்கள். ஆனால் இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ‘சூப்பர்’ இன்னொன்றின் ‘பியூர்’ ஆக இருக்கலாம். விலையும் அதிகம். முதல் பிரஷுக்கு இது அவசியமே இல்லை.

குதிரை முடி: மேற்சொன்ன இரண்டுக்கும் நடுத்தரம். இதற்கு ஒரு சரித்திரமே உண்டு. முதல் உலகப் போரில் பேட்ஜர் முடி வரத்துக் குறைந்துபோனபோது, குதிரை முடியை பேட்ஜர் மாதிரி சாயமேற்றி பிரஷ் செய்தார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத முடியிலிருந்து ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியது. சிப்பாய்களும் பொதுமக்களுமாக இருநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதை, பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரட்டி 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1919-ல் பிரிட்டனில் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டமே வந்தது. இன்று முறையாக முடியைச் சுத்தப்படுத்தியே பிரஷ் செய்கிறார்கள், கவலை வேண்டாம். ஆனால் பழம்பொருள் கடையில் அழகாக இருக்கிறதே என்று யாரோ உபயோகித்த பழைய பிரஷை வாங்கிவிடாதீர்கள்.

செயற்கை முடி: நைலான், பாலியெஸ்டர் போன்ற இழைகளில் செய்வது. முன்காலத்து நைலான் பிரஷ் கம்பி மாதிரி குத்தும் என்று தாத்தாக்கள் சொல்வார்கள். இப்போது வருபவை பஞ்சு போல் இருக்கின்றன. ஊறவைக்க வேண்டாம், வாடை கிடையாது, சீக்கிரம் காயும், எந்தப் பிராணியின் முடியும் இல்லை. காற்றோட்டம் இல்லாத ஹாஸ்டல் குளியலறைக்கும் பருவுள்ள முகத்துக்கும் இதுதான் உத்தமம். சில நூறு ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும்.

ஆகவே சகோதரி, கடையில் போய், “செயற்கை முடி வைத்த ஷேவிங் பிரஷ் கொடுங்கள்” என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும்.

கையில் வாங்கிப் பாருங்கள்

முடிக்கொத்தின் அடிப்பகுதி குறுக்களவு 22-லிருந்து 24 மில்லிமீட்டர் இருந்தால் சௌகரியம். ரொம்பப் பெரியதென்றால் மூக்கடியில் போகாது. நுனியை உள்ளங்கையில் லேசாக அழுத்திப் பாருங்கள். பூ மாதிரி விரிந்து, விட்டதும் பழையபடி சேர வேண்டும். உங்கள் கன்னத்திலேயே தடவிப் பார்க்கலாம். உங்களுக்குக் குத்தினால் அவனுக்கும் குத்தும். விரலால் மெதுவாக இழுத்தால் முடி கொத்தாகக் கையோடு வரக் கூடாது. முதல் சில நாள் ஒன்றிரண்டு முடி உதிர்வது சகஜம். தினமும் உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள்.

கைப்பிடி மரத்தைவிடப் பிளாஸ்டிக்கோ ரெசினோ மேல். மரம் ஈரத்தில் உப்பி வெடிக்கும். சோப்புக் கையில் வழுக்காத மாதிரி நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கட்டும். மேஜைமேல் நிறுத்தினால் சாயாமல் நிற்க வேண்டும்.

சொல்லிக் கொடுக்கும் முறை

மாமாவோ சித்தப்பாவோ பக்கத்தில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். இல்லையென்றால் நீங்களே சொல்லலாம். கீழே உள்ளதைக் கத்தரித்து அவன் ஷேவிங் பெட்டிக்குள் வைத்தாலும் சரி.

1. குளித்தவுடன் ஷேவ் செய்வது நல்லது. இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரால் இரண்டு நிமிஷம் முகத்தை நனைக்கவும்.

2. பிரஷை நனைத்து ஒரு உதறு. பாதாம் பருப்பு அளவு கிரீம் போதும். உள்ளங்கையிலோ கிண்ணத்திலோ நுரைத்து முகத்தில் பூசவும்.

3. பருவின் மேல் வட்டமாகத் தேய்க்காமல், சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி மேலும் கீழுமாக லேசாகத் தடவவும்.

4. முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே ரேஸர் போகட்டும். அழுத்தக் கூடாது, ரேஸரின் கனமே போதும். எதிர்த்திசையில் இழுத்தால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டியாகும்.

5. கழுவியபின் துண்டால் ஒற்றி எடுக்கவும். சின்னக் கீறலில் ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். படிகாரம் வைக்கலாம், உடைந்த பரு மேல் வைத்தால் எரியும்.

6. நாலைந்து ஷேவுக்கு ஒரு பிளேடு மாற்றவும். பழைய பிளேடை ஒரு தகர டப்பாவில் சேர்த்து மூடி வைக்கவும். குப்பை அள்ளும் கையும் ஒரு தாயின் பிள்ளையுடைய கைதான்.

பரு நிறைய இருந்து பழுத்திருந்தால், அது ஆறும்வரை பிளேடே வேண்டாம். டிரிம்மரால் கத்தரித்தால் போதும். தோல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டுவதும் நல்லது.

பராமரிப்பு

உபயோகித்ததும் முடிக்கொத்தின் அடிவரை சோப்பு போக அலசி, உதறி, காற்றாடக் காயவைக்க வேண்டும். நிறுத்தி வைத்தாலும் தொங்கவிட்டாலும் சரி. ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஊருக்கு வரும்போது ஓட்டையுள்ள டப்பாவில் கொண்டு வரட்டும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றவே கூடாது, பசை விட்டுப்போகும்.

உப்புத் தண்ணீர் ஊரானால் நுரை சரியாக வராது, முடியில் வெள்ளையாகப் படியும். ஷேவிங்குக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு தடவை, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து, அதில் பிரஷை ஐந்து நிமிஷம் வைத்து, நன்றாக அலசினால் படிவு போய்விடும். இப்படிப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும்.

ஒரு விஷயம், சகோதரி. பிரஷை அவன் கையில் கொடுக்கும்போது ரொம்பப் பேச்சு வேண்டாம். அந்த வயசில் பிள்ளைகளுக்கும் கூச்சம் உண்டு. உள்ளே போய்விட்டது அதனால்தான், கோபத்தினால் இல்லை. “இனிமே யார் ரேஸரையும் வாங்காதேப்பா, இது உன்னோடது” என்றால் போதும். மற்றதெல்லாம் அவன் புரிந்துகொள்வான்.

அடுத்த இதழில்: பள்ளி திறக்கும் முன் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில்களின் வாடை போக்குவது எப்படி?