வழி கேட்பது தாழ்வன்று



கனடா நாட்டின் வடமேற்கில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை என்று ஒரு சாலை உண்டு. யூக்கான் பகுதியிலுள்ள டாசன் நகருக்கு அருகில் தொடங்கி, ஏறக்குறைய 740 கிலோமீட்டர் வடக்கே சென்று, இனுவிக் என்னும் ஊரை அது அடைகிறது. 1979 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அது திறக்கப்பட்டது. இனுவிக்கிலிருந்து வடகடற்கரையிலுள்ள டக்டோயாக்டக் வரை மேலும் 138 கிலோமீட்டர் சாலை 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. பெரும்பாலும் சரளைக்கல் பாதையே. தொடக்கத்தை விட்டால், 369 ஆம் கிலோமீட்டரிலுள்ள ஈகிள் பிளெயின்ஸ் விடுதி வரை பெட்ரோல் கிடைக்காது. இரண்டு பேராறுகளுக்குப் பாலமே கிடையாது. கோடையில் படகில் வண்டியை ஏற்றிக் கடப்பர். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலேயே ஓட்டிச் செல்வர்.

நாம் அறிந்த ஒரு தம்பதியர், தங்கள் மணவாழ்வின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக, 2019 ஜூனில் இச்சாலையில் பயணம் செய்தனர். அவர்கள் நம்மிடம் விவரித்தவற்றுள் சில, இல்லறத்தார் அனைவருக்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

புறப்படுமுன்னரே ஒரு வாக்குவாதம். மாற்றுச் சக்கரம் ஒன்று போதும் என்றார் கணவர். இரண்டு வேண்டும் என்றார் மனைவி. இறுதியில் இரண்டை ஏற்றினர். அச்சாலையின் கூரிய கற்கள் முதல் நாள் ஒரு சக்கரத்தையும் மறுநாள் மற்றொன்றையும் கிழித்தன. இரண்டாம் முறை கணவர் தலைகுனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நான் அப்போதே சொன்னேன் அல்லவா" என்னும் நான்கு சொற்கள் மனைவியின் நாவின் நுனிவரை வந்தன. ஆயினும் அவர் அவற்றை விழுங்கிவிட்டு, திருகாணிகளைக் கையில் ஏந்தி நின்றார். சொல்லக்கூடிய சொல்லைச் சொல்லாமல் விடுவதும் அன்பின் ஒரு வடிவம் அன்றோ?

பீல் ஆற்றங்கரையில் வேறொரு சோதனை காத்திருந்தது. வெள்ளம் மரங்களை அடித்துவந்ததால் படகு நிறுத்தப்பட்டிருந்தது. மாற்றுவழி எதுவும் இல்லை. கணவர் வண்டிக்குள் அமர்ந்து நிலப்படத்தையே மீண்டும் மீண்டும் புரட்டினார். கரையில் அமர்ந்திருந்த குவிச்சின் இன மூதாட்டியிடம் கேட்டு வரலாம் என்றார் மனைவி. "நமது இயலாமையை அந்நியரிடம் ஏன் சொல்ல வேண்டும்?" என்று கணவர் சினந்தார். மனைவி மட்டும் இறங்கிச் சென்றார். ஆற்றை அறிந்த அம்மூதாட்டி, பொறுத்திருங்கள், வெள்ளம் வடியும் என்று கூறி, தேநீரும் உலர்ந்த மீனும் கொடுத்து உபசரித்தார். சற்று நேரத்தில் கணவரும் அங்கே வந்து அமர்ந்தார். மறுநாள் படகு ஓடியது.

அக்கரையில் ஃபோர்ட் மெக்பர்சன் என்னும் சிற்றூரில் நால்வரின் கல்லறையை அவர்கள் கண்டனர். 1910 டிசம்பரில் அவ்வூரிலிருந்து டாசனுக்குப் புறப்பட்ட காவற்படையினர் அவர்கள். தலைவர் ஃபிட்ஸ்ஜெரால்டு. வழிகாட்டியாக வந்த கார்ட்டர், அப்பாதையில் ஒரே ஒரு முறை, அதுவும் எதிர்த்திசையில் சென்றவர். சிறிது தூரம் வழிகாட்டிய குவிச்சின் இனத்தவர் ஒருவரை, இனித் தேவையில்லை என்று கூலி கொடுத்து அனுப்பிவிட்டனர். பின்னர், திரும்ப வேண்டிய ஓடையைக் காணாமல் பல நாள்கள் தேடினர், உணவு குறைந்தது, திரும்பி நடந்தனர். 1911 மார்ச்சில் அவர்களுடைய உடல்களைக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர் என்னும் காவலர். சாலைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. தலைவரும் கார்ட்டரும் கிடந்த இடம் ஃபோர்ட் மெக்பர்சனிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவே!

அக்கல்லறைமுன் கணவர் நெடுநேரம் நின்றாராம். பிறகு மனைவியிடம், "நேற்று நீ கேட்டது நல்லதாயிற்று" என்றாராம். இருபத்தைந்து ஆண்டுகளில் இப்படி ஒரு சொல்லைத் தாம் கேட்டதில்லை என்று அவ்வம்மையார் நம்மிடம் கூறியபோது அவர் கண்கள் கலங்கின.

இச்சாலை நிற்கும் விதமும் சிந்திக்கத் தக்கது. அடியிலுள்ள நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். வெப்பம் உள்ளே இறங்கினால் பனி உருகும், சாலை அமிழ்ந்துவிடும். ஆகவே 1.2 மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரை கனமாகச் சரளையைப் பரப்பி, அதன்மேல் சாலையை அமைத்தனர். இனுவிக்கில் 1960 இல் கட்டிமுடிக்கப்பட்ட வெற்றி அன்னை ஆலயமும் சரளைப் படுகையின்மேல் அமைந்ததே. பனிவீடு போன்று வட்டமான அவ்வாலயத்தை வடிவமைத்த சகோதரர் மோரிஸ் லாரோக், கட்டடக்கலை பயின்றவர் அல்லர். அவருடைய அமலமரித் தியாகிகள் சபை 1841 இல் கனடாவுக்கும் 1847 இல் இலங்கைக்கும் சென்று பணியாற்றத் தொடங்கிய சபையாகும்.

இல்லறத்திலும் கோபத்தின் வெப்பம் எழாமல் இராது. அது அடித்தளம்வரை இறங்காதபடி காப்பதே பொறுமை. அப்பொறுமை ஒரே நாளில் அமைவதன்று. கூடை கூடையாகக் கொட்டிப் பரப்ப வேண்டிய சரளை அது.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பர் நம் முன்னோர். ஆனால் நம் இல்லங்களில் எத்தனை பேர் கடன் தொல்லையையும், குடிப்பழக்கத்தையும், பிள்ளைகளைப் பற்றிய கவலையையும் தமக்குள்ளேயே பூட்டி வைத்து, ஊருக்கு அருகிலேயே வழி தவறி நிற்கிறார்கள்! கணவன் மனைவியிடம் கேட்கட்டும். மனைவி கணவனிடம் கேட்கட்டும். இருவருக்கும் தெரியாதபோது, வழி அறிந்த பெரியவர் ஒருவரை இருவரும் சேர்ந்தே நாடட்டும். கேட்பதால் எவரும் சிறுமை அடைவதில்லை. கேளாமல் நடப்பவரோடு, அவரை நம்பி உடன் வருகிறவர்களும் அல்லவா துன்புறுகிறார்கள்!