வெள்ளத்திற்குப் பின் தெளிக்கப்படும் வெண்தூள்: சலவைத்தூளும் ஹைப்போகுளோரைட் கரைசலும் செய்வதும் செய்யாததும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டம் கண்ட மழையைக் கடலோர மக்கள் எளிதில் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, குடிநீர்த் திட்டங்கள் பல பழுதடைந்தன, கிணறுகளில் வெள்ளநீரும் கழிவுநீரும் கலந்தன. நீர் வடிந்ததும் தெருவோரங்களில் வெண்ணிறக் கோடுகள் தோன்றின. பொதுமக்கள் பிளீச்சிங் பவுடர் என்று அழைக்கும் சலவைத்தூளே அது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஒவ்வோர் ஆண்டும் இத்தூள் தேவைப்படுவதால், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருத்தல் நலம்.

உப்பிலிருந்து பிறக்கும் கிருமிநாசினி

இப்பொருளின் மூலம் இந்தக் கடற்கரையிலேயே குவிந்து கிடக்கிறது. உப்பு உற்பத்தியில் குஜராத்திற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது தூத்துக்குடி வட்டாரம். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரின் வாயு, எரிசோடா, ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்தில் இயங்கும் டி.சி.டபிள்யூ. ஆலை இம்முறையில் எரிசோடாவும் குளோரினும் தயாரித்து வருகிறது.

பிரிந்த குளோரினைக் குளிர்ந்த, நீர்த்த எரிசோடாக் கரைசலில் மீண்டும் செலுத்தினால் கிடைப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கடைகளில் புட்டிகளில் விற்கப்படும் வெளுப்புத் திரவம் இதுவே. அதே குளோரினை நீற்றிய சுண்ணாம்பின் மீது செலுத்தினால் சலவைத்தூள் உருவாகிறது. 1799இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டெனன்ட் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துப் பழகிய கடற்கரை மக்களுக்கு இத்தூளின் பாதிப் பங்கு புதியதன்று.

துணி வெளுக்கப் பிறந்த இப்பொருள் மருத்துவத்திற்குள் நுழைந்ததில் 1847ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. வியன்னா மகப்பேறு மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என விதித்தார். பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

நீரில் கரைந்ததும் இப்பொருள் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை வெளியிடுகிறது. அது கிருமியின் புறச்சுவரைக் கடந்து உட்புரதங்களை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது. ஆனால் அதற்குக் கிருமியும் சேறும் ஒன்றே. சேறு, சாணம், அழுகிய இலை எது எதிர்ப்பட்டாலும் குளோரின் அதில் செலவழிந்துவிடும். உலர்ந்த மண்ணில் கோடிட்டுத் தூவிய தூள் கிருமிகளைப் பெரிதாக ஒழிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். அக்கோடு காண்போருக்கு ஆறுதல் தரலாம். குடிக்கும் நீருக்குப் பாதுகாப்புத் தராது. வீட்டுத் தரையாயினும் முதலில் சேற்றை அள்ளி, சோப்பு நீரால் கழுவிய பின்னரே கரைசலைப் பயன்படுத்த வேண்டும்.

கிணற்று நீரில் எவ்வளவு?

நல்ல நிலையிலுள்ள சலவைத்தூளில் 33 விழுக்காடு வரை பயன்தரு குளோரின் இருக்கும். ஓரளவு தெளிந்த நீராயின் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் போதுமானது. இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீர் ஆழமும் கொண்ட கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்குத் தேவை ஏறக்குறைய 24 கிராம் மட்டுமே. வெள்ளம் புகுந்த கிணற்றிற்கு இதனினும் பன்மடங்கு தேவைப்படும். அதன் அளவைச் சுகாதார ஆய்வாளர் நீரைச் சோதித்துச் சொல்ல வேண்டுமே தவிர, கைப்பிடியால் அளக்கலாகாது.

தூளை நேரடியாகக் கிணற்றில் கொட்டக் கூடாது. வாளி நீரில் கரைத்துச் சிறிது நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும்; மேலே தெளிந்த நீரை மட்டுமே கிணற்றில் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றி மறுநாள் காலை நீர் இறைப்பது வசதி. குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துச் சோதிக்கும்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவியில் நீர் மஞ்சள் நிறம் காட்டுவதைக் கொண்டு இதை அறிவர். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று பலர் அந்நீரை ஒதுக்குகின்றனர். மெல்லிய வாடை இருப்பதே நல்ல அறிகுறி.

வாந்திபேதி, டைபாய்டு ஆகியவற்றின் கிருமிகளைக் குளோரின் எளிதில் அழிக்கும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளோ அதற்கு அசைவதில்லை. எனவே எதிர்ப்பாற்றல் குறைந்தோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு நீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தே தர வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி வெள்ளநீரில் நடக்கும்போது கால் புண் வழியாகவும் உடலில் புகும். குடிநீரில் சேர்க்கும் குளோரின் அதைத் தடுக்காது.

நோயாளி இருக்கும் வீட்டில்

டயாலிசிஸ் பெறுவோரிடம் இது குறித்து அச்சம் நிலவுகிறது. குளோரின் கலந்த நீரைத் தமக்கு அனுமதிக்கப்பட்ட அளவில் அவர்கள் பருகலாம்; இரைப்பையில் அது செயலிழந்துவிடும். டயாலிசிஸ் இயந்திரத்திற்குச் செல்லும் நீரோ வேறு. ஒரு முறைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வுக்கு அப்பால் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. அதில் குளோரினோ குளோரமினோ எஞ்சியிருந்தால் சிவப்பணுக்கள் சிதையும். ஆகவே சிகிச்சை மையங்கள் கரிவடிப்பானால் அதை நீக்குகின்றன. வெள்ளத்திற்குப் பின் நகர்க் குடிநீரில் குளோரின் கூட்டப்படும் நாள்களில், நீர் சோதிக்கப்பட்டதா என்று மையத்தில் கேட்பது உங்கள் உரிமை.

கதவுப்பிடி, கட்டில் சட்டம் முதலியவற்றைத் துடைக்க 5 விழுக்காட்டுத் திரவம் ஒரு பங்கும் தண்ணீர் 49 பங்கும் போதும். இரத்தமோ வாந்தியோ சிந்திய இடத்தை முதலில் துடைத்தெடுத்து, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலைப் பத்து நிமிடம் விட வேண்டும். கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். வெயிலும் வெப்பமும் அதன் வீரியத்தைக் குறைக்கும். நம் கோடையில் ஜன்னலோரம் மாதக்கணக்கில் நின்ற புட்டியை நம்ப வேண்டாம். ஆஸ்துமா நோயாளியைத் துடைக்கும் வேளையில் வேறு அறையில் அமர்த்துங்கள். மனித உடல் மீது இதைத் தெளித்தல் கூடவே கூடாது. கொரோனா காலத்தில் பல ஊர்களில் அவ்வாறு செய்யப்பட்டதையடுத்து, 2020 ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் அதற்கு எதிராக அறிவுரை வெளியிட்டது.

மிகக் கொடிய விபத்து கழிவறையில் நேர்கிறது. எரிசோடாவில் அடக்கி வைத்த குளோரினை அமிலம் மீண்டும் விடுவிக்கும். வெளுப்புத் திரவத்தின் மேல் கழிவறை ஆசிட் ஊற்றினால் சிறு அறை நொடியில் குளோரின் வாயுவால் நிறையும். அமோனியா கலந்த துப்புரவுப் பொருளுடன் சேர்ந்தால் குளோரமின் வாயு எழும். தெருவில் விற்கும் ஆசிடையும் பினாயிலையும் பழைய தண்ணீர்ப் புட்டிகளில் வாங்கி வைக்கும் வழக்கம் இவ்வாபத்தை இரட்டிப்பாக்குகிறது. குழந்தை அதைக் குடிநீர் என்றே எடுக்கும்.

வாயுவைச் சுவாசித்தவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், இருமல் அடங்கினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எலுமிச்சைச் சாறு கொடுக்காதீர்கள். வாயைக் கொப்புளிக்கச் செய்து 108ஐ அழையுங்கள். புட்டியையும் உடன் எடுத்துச் சென்றால், உட்சென்றது எதுவென மருத்துவர் உடனே அறிவார்.