தைப்பூசத்தன்று பள்ளிக்கூடம்



ஈஜோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் மனக்குறையோடு எழுதியிருக்கிறார். மகள் படித்து ஆசிரியையாகி, சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். தோட்டமே மெச்சுகிறது. ஆனால் பெற்றவளுக்கு நிம்மதியில்லை. "தைப்பூசத்துக்குக் கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அங்கே சுற்றுகிறேன், இங்கே சுற்றுகிறேன் என்கிறாள். எங்களை மறந்துவிட்டாளோ?" என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் தைப்பூசக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். சிலாங்கூரில் நமக்கு அன்று பொது விடுமுறை. பஸ் பிடித்துப் பத்துமலைக்குப் போய் 272 படியும் ஏறிவிட்டு வருகிறோம். சிங்கப்பூரில் அப்படியில்லை. 1968-ல் அங்கே விடுமுறை நாட்களைக் குறைத்தார்கள். இந்துக்களுக்குத் தீபாவளி நின்றது, தைப்பூசம் போயிற்று. வார நாளில் பூசம் வந்தால் பள்ளிக்கூடம் உண்டு, ஆசிரியை வகுப்பில் நிற்கத்தான் வேண்டும்.

அதற்காக அங்கே பூசம் இல்லாமல் போய்விடவில்லை. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து, தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டர் சொச்சம் காவடி நடக்கிறது. வெகுகாலம் வழியில் மேளதாளத்துக்குத் தடை. 2016-ல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் அனுமதித்தார்கள். உறுமி இல்லாத காவடியை நம் தோட்டத்து இளவட்டங்கள் ஒப்புவார்களா! ஆனால் ஒரு வசதி உண்டு. முதல் நாள் நள்ளிரவையொட்டியே பால்குடம் புறப்பட்டுவிடும். வேலைக்குப் போகிறவர்கள் இரவோடு இரவாக வேண்டுதலை முடித்து, குளித்து உடை மாற்றிக்கொண்டு காலையில் வேலைக்கு ஓடுகிறார்கள். உங்கள் மகளும் அப்படி நடந்தாளோ என்னவோ. "ஏன் வரவில்லை?" என்று கேட்டீர்கள், "பூசத்தன்று என்ன செய்தாய் கண்ணு?" என்று கேட்டீர்களா?

அடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமைச் சுற்றல். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தனி அறை என்றால் என்னவென்று தெரியாது. இங்கே பக்கத்து வீட்டுக் குழம்பு வாசம் நம் வீட்டுக்குள் வரும், அடுத்த வீட்டுச் சண்டையும் வரும். அங்கே வாடகை அறையில் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். வாரநாளெல்லாம் பிள்ளைகள் கூச்சலில் ஓடிவிடும். சனிக்கிழமை மத்தியானம்தான் வீட்டு நினைப்பு வந்து கழுத்தைப் பிடிக்கும். அந்த நேரத்தில் அவள் தேக்காவுக்குப் போய் ஒரு முழம் பூ வாங்கி, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, நாலு தமிழ்க் குரல் கேட்டுவிட்டு வருவது ஊர்சுற்றல் இல்லை அம்மா. ஞாயிறு மாலையில் அங்கே போனால், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று ஊர்க்கதை பேசுவதைப் பார்க்கலாம். எல்லாருக்கும் அதே தாகம்தான்.

காசு கரைகிறதே என்ற கவலையா? காசில்லாமல் போகிற இடம் ஒன்று சொல்கிறேன், மகளிடம் சொல்லுங்கள். சிங்கப்பூர் பூமலை, அதாவது தாவரத் தோட்டம். ஆர்க்கிட் பகுதிக்கு மட்டும்தான் கட்டணம். 2015-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அதை அறிவித்தார்கள். எனக்கு அந்தப் பெருமையைவிட வேறொன்று பெரிது. 1877-ல் இங்கிலாந்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிலவற்றை அந்தத் தோட்டத்திலேயே நட்டார்கள், சில கோலகங்சாருக்குப் போயின. 1888-ல் அங்கே பொறுப்புக்கு வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரத்தைக் கொல்லாமல், பழைய வெட்டையே மெல்லச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் வழியைச் சோதித்துக் காட்டினார். காப்பி நட்டுக்கொண்டிருந்த துரைமார்களிடம் ரப்பர் விதையைக் கொடுத்து, நட்டுப்பாருங்கள் என்று நச்சரித்தார். அவர்கள் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம் கட்டினார்கள். பிறகு விலை ஏறியதும் போட்டி போட்டுக்கொண்டு காட்டை அழித்து நட்டார்கள். அந்த மரத்துக்குப் பால் வெட்டத்தான் நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்தார்கள். இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நீங்கள் பிடித்தீர்களே உளி, அந்த வெட்டின் பிறப்பிடம் அது. இன்று ஈஜோக் பக்கம் பெரும்பாலும் செம்பனைதான். பால்மரம் எப்படியிருக்கும் என்று கேட்கிற பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு மட்டும் வரச்சொல்லலாமா என்றால், நாளைப் பார்த்துச் சொல்லுங்கள். அங்கே ஒரு நாள்தான் விடுமுறை. ஜொகூர் பாலத்தில் பண்டிகை நெரிசலில் மணிக்கணக்கில் நின்று, விடியற்காலை வந்து, எண்ணெய் தேய்த்த தலை காயுமுன் திரும்பி ஓடுவது பிள்ளைக்கு வேதனை. நடுவாரத்தில் தீபாவளி வந்தால் முறுக்கும் அச்சுமுறுக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். சிராங்கூன் சாலையில் விளக்கலங்காரம் கண்ணைப் பறிக்கும். தீபாவளிக்கு முன்னால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதியும் உண்டு. 1827-ல் தொடங்கிய பழங்கோயில் அது.

மகளுக்கும் ஒரு சொல். போன இடத்தின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதே, அம்மா. உன் தாய்க்குப் படம் போதாது. கூப்பிட்டுப் பேசு.

ஜூனில் அங்கே நாலு வாரம் பள்ளி விடுமுறை. அப்போது வீட்டுக்கு வரட்டும். புக்கிட் மெலாவாத்தியில் குரங்குக்குத் தீனி கேட்டு அழுத பிள்ளைதானே, கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க இப்போது அவளே உங்களைப் படகில் ஏற்றிக் கூட்டிப்போகட்டும். அவள் திரும்பும்போது நீங்களும் கூடவே ஒரு வாரம் போய்வாருங்கள். கடப்பிதழ் இல்லையென்றால் இப்போதே எடுத்துவையுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.