மாத்திரைக்கு முன் மருந்தகம்!

இன்சுலினை ஊசியின்றி வாயால் உட்கொள்ளும் காலம் வரப்போகின்றதாம். மகிழ்ச்சி! இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் இரைப்பையின் அமிலமும் குடலின் நொதியங்களும் அதனைச் சிதைத்துவிடும். ஆகவே, கண்ணுக்குப் புலனாகா நனோத் துகள்களில் அதனை ஏற்றி, குடல்வழியே ஈரலிற் சேர்ப்பிக்க அறிஞர் முயல்கின்றனர். அவுஸ்திரேலிய, நோர்வே ஆய்வாளர் பபூன் குரங்குகளிடத்துச் செய்த சோதனை 2024 ஜனவரியில் வெளியாயிற்று. விஞ்ஞானத்தை நாம் வாழ்த்துகின்றோம்.

ஆனால், "மாத்திரை வரும், பொறுத்திருங்கள்" என்று எம்மக்களுக்கு உபதேசிப்போரைக் கேட்கின்றோம்: எத்தனை காலம்? வேறு முறையில் அமைந்த ஒராமெட் கம்பனியின் வாய்வழி இன்சுலின், மனிதரிடத்து நடந்த பெருஞ்சோதனையில் 2023 ஜனவரியில் தோல்வி கண்டது. குரங்கிடம் வென்றது மனிதரிடம் வெல்லும்வரை நோயாளியின் கண்ணும் காலும் காத்திருக்குமோ?

ஊசி இன்சுலின் 1921 இல் ரொறன்ரோவிற் கண்டறியப்பட்டது. கண்டவர்கள் 1923 இல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். நூறாண்டு கடந்துவிட்டது. மடுல்சீமை லயத்துக்கு அது தடையின்றி வந்து சேர்கின்றதா? அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமே, மறுக்கவில்லை. ஆயின், கொழுந்து பறிப்பவள் மலையிறங்கிப் பதுளைக் கிளினிக்கில் வரிசை நின்றால் அன்று பெயர் விழாது. பெயர் விழாவிடின் சம்பளமில்லை. அறுவடையை விட்டு வரவியலாத வெலிமடை விவசாயியின் கதியும் இதுவே. திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்தல் வேண்டும். "ஊவா குளிர்நாடன்றோ?" என்பார் சிலர். மலைக்குளிர் குளிர்சாதனப் பெட்டியாகாது, ஐயா!

1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், வெள்ளையர் ஆட்சியிலேயே தோட்டங்களுக்கு வைத்தியக் கடமையை விதித்தது. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இன்று கம்பனி அரசைச் சுட்டுகின்றது. அரசு கம்பனியைச் சுட்டுகின்றது. இடையில் மடிபவன் தொழிலாளி!

நாம் கேட்பது பிச்சையன்று, உரிமை. தோட்ட மருந்தகங்கள் யாவற்றையும் அரசு ஏற்றல் வேண்டும். அவை ஒவ்வொன்றிலும் பட்டம் பெற்ற வைத்தியரின் வருகையும், குளிர்சாதனப் பெட்டியும், நீரிழிவுக் கிளினிக்கும் அமைதல் வேண்டும். கிளினிக் நாளுக்குச் சம்பளம் வழங்கப்படல் வேண்டும். வாய்வழி இன்சுலின் வரும் நாளில், ஊசியும் குளிர்ப்பெட்டியும் எட்டாத லயத்துக்கே அது முதலிற் செல்லல் வேண்டும்.

நேற்றைய மருந்துக்கு வழிவிடாதவர்கள் நாளைய மருந்தைக் காட்டி எம்மை ஏய்க்க வேண்டாம். முதலிற் பாதையைத் திறவுங்கள்; மாத்திரையும் அவ்வழியே வரட்டும்!