திரட்டேட்டில் நம் பக்கம் எங்கே?

தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் திரட்டேடு செய்யாமல் ஆறாம் ஆண்டைக் கடந்திருக்க முடியாது. நாளிதழையும் வார இதழையும் வெட்டி, பசை தடவி ஒட்டி, ஓரங்களுக்கு வண்ணம் தீட்டி, மேலட்டையில் பெயரையும் வகுப்பையும் எழுதி ஆசிரியரிடம் ஒப்படைப்போம். தேசியச் சின்னங்கள், நாட்டின் பிரதமர்கள், பெருநாள்கள், மூலிகைகள் என்று தலைப்புகள் மாறும். ஒன்று மட்டும் மாறாது. ஏற்கெனவே அச்சாகி வெளிவந்ததைத்தான் நாம் மறுபடியும் வெட்டி ஒட்டினோம். நம் பாட்டனும் பாட்டியும், அவர்கள் வாழ்ந்த தோட்டமும், அங்கு நடந்த திருவிழாவும் அந்த ஏட்டில் இடம்பெற்றதில்லை.

இது பள்ளிப் பிள்ளைகளின் குறையன்று. வரலாறு என்றால் வேறு யாரோ எழுதுவது, நாம் படித்து ஒப்பிப்பது என்ற எண்ணம் நம் சமுதாயத்தில் ஊறிப்போயிருக்கிறது. தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின் இதை இன்னும் தெளிவாக உணர்ந்தேன். 2013 முதல் எஸ்.பி.எம். தேர்வில் வரலாறு கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடம். அதனால் விழுந்து விழுந்து படித்தோம். தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட செய்தி சில வரிகளில் முடிந்துவிடும். பாடநூலில் நமக்கு இடம் போதவில்லை என்று மேடைதோறும் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் நாளையே இடம் தருகிறோம், கொண்டு வாருங்கள் என்று அழைத்தால், கொடுப்பதற்கு நம் கையில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை நாம் ஒருமுறையாவது நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

சயாம் மரண ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். 1942-1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே பாதையில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளும் வேலை செய்தனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் முகாமில் மறைத்து மறைத்து எழுதிய நாட்குறிப்பு 1986இல் நூலாக வெளிவந்து உலகம் முழுவதும் வாசிக்கப்பட்டது.

நம்மவர்களுக்கோ அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலையும், அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ என்ற நாவலையும் எழுதினார்கள். அந்த அளவில் நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். என் பாட்டியின் பெரியப்பாவும் சயாமுக்குப் போனவர்தாம். திரும்பி வரவில்லை. பெயரைத் தவிர எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றிய வேறு எந்தச் செய்தியும் இல்லை. எந்த முகாம், எந்த மாதம், உடன் சென்றவர்கள் யார், எதுவும் தெரியாது. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களை ‘ஏன் எழுதவில்லை?’ என்று கேட்பது கொடுமை. ஆனால் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நம்மைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

நம் வீடுகளில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பாட்டியின் டிரங்குப் பெட்டியை ஒருநாள் திறந்து பார்த்தேன். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்திற்குத் தாத்தா கட்டிய பணத்தின் ரசீது இருந்தது. துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க முடியும் என்பதற்கு அந்தத் துண்டுத்தாள் ஒரு சான்று. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 1950களில் எடுத்த வகுப்புப் படம் ஒன்றும் இருந்தது. 34 பிள்ளைகள். பாட்டி 20 பேருக்குப் பெயர் சொன்னார். மற்ற 14 பேரையும் சொல்லக்கூடியவர் அவருடைய தோழி ஒருவர்தாம்; அவர் 2021இல் காலமாகிவிட்டார். அந்தப் பதினான்கு முகங்களுக்கு இனிப் பெயர் கிடைக்குமா என்பது ஐயமே.

பழைய தாள்கள் நினைவுக்கு மட்டுமா உதவுகின்றன? சிவப்பு அடையாள அட்டையோடு பல்லாண்டுகள் காத்திருந்த நம் பெரியவர்களைக் கேளுங்கள். பிறந்த இடத்தையும் வாழ்ந்த காலத்தையும் காட்டும் ஒரு பள்ளிச் சான்றிதழோ, தோட்டத்து நிர்வாகம் கொடுத்த கடிதமோ எவ்வளவு பெரிய சொத்து என்பதை அவர்கள் சொல்வார்கள்.

இடங்களும் நமக்காகக் காத்திருக்கவில்லை. இன்றைய புத்ராஜெயா எழுந்துள்ள நிலத்தில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் டிங்கில் பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டன. நாடு விடுதலையடைந்த 1957இல் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது ஏறத்தாழ 530. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019இல் நின்றுபோனது. நம்மவரின் திருமணச் செய்தி, நினைவஞ்சலி, தேர்வில் வென்ற பிள்ளையின் படம் என்று சாதாரண மனிதர்களின் வாழ்க்கை அச்சேறிய இடம் அது. இன்று அந்தச் செய்தியை வெட்டி வைத்தவர் வீட்டில் அது இருக்கிறது. வைக்காதவர் வீட்டில் இல்லை.

‘இப்போதுதான் கைப்பேசி இருக்கிறதே, ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறோமே’ என்று சிலர் சொல்லலாம். நம் முன்னாள் மாணவர்கள் பலருக்குப் பிரண்ட்ஸ்டர் நினைவிருக்கும். 2009இல் மலேசிய நிறுவனமொன்று அதை வாங்கியது. 2011இல், பயனர்கள் ஏற்றி வைத்திருந்த பழைய படங்களும் எழுத்துகளும் அதிலிருந்து நீக்கப்பட்டன. முன்னதாக எடுத்து வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அவை போனதுதான். படம் இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் வேறு வேறு. புலனக் குழுவில் வந்து குவியும் படங்களில் யார், எங்கே, எப்போது என்ற விவரம் இருக்கிறதா? விவரம் இல்லாத ஆயிரம் படங்களைவிட விவரத்தோடு உள்ள பத்துப் படங்கள் மேல்.

ஆகவே நண்பர்களே, நாம் மீண்டும் திரட்டேடு செய்ய வேண்டும் என்கிறேன். இம்முறை வேறெந்த நூலிலும் கிடைக்காததை மட்டுமே அதில் சேர்க்க வேண்டும். செக்ரோல் துண்டு, திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, மூடப்பட்ட பள்ளியின் மதிப்பெண் அட்டை, பாட்டி சொன்ன தாலாட்டு, தோட்டத்தில் வழங்கிய சொற்கள். ‘பெரட்டுக்களம்’ என்றால் என்ன என்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டது. ஒவ்வொன்றின் கீழும் பெயர், இடம், ஆண்டு, சொன்னவர் யார் என்பதை எழுத வேண்டும். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் ‘ஏறத்தாழ’ என்று குறிப்பிடலாம். ஊகத்தை உண்மைபோல் எழுதக் கூடாது.

செய்முறையிலும் கவனம் தேவை. நாளிதழ்த் தாள் நாளடைவில் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். ஆதலால் முதலில் நகல் எடுத்துவிடுவது நல்லது. ஒட்டுநாடாவும் பசைப்பக்க ஆல்பமும் படத்தைக் கெடுத்துவிடும். படத்தை ஒட்டாமல், நான்கு மூலைகளையும் தாள் முனைகளில் செருகி வைக்கலாம். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதினால் போதும்.

தனியொருவர் செய்வதைத் தமிழ்க் கழகங்கள் சேர்ந்து செய்தால் பயன் பன்மடங்காகும். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ 1969இல் வெளிவந்தது. கணினி இல்லாத காலத்தில் செய்த பணி அது. சிங்கப்பூரில் அருண் மகிழ்நன் முதலிய ஆர்வலர்களும் தேசிய நூலக வாரியமும் கைகோத்து, 1965 முதல் ஐம்பதாண்டுகளில் வெளிவந்த ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்களை 2015இல் மின்வடிவாக்கினர். நம் நாட்டில் அச்சாகும் நூலின் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பள்ளி மலரும் கும்பாபிஷேக மலரும் அச்சிடும் குழுக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, கைப்பிடித்து அழைத்துச் செல்வதும் பட்டதாரிகளின் கடமையல்லவா?

நம் கழகமும் ஆண்டுக்கு ஒரு தோட்டத்தையோ கம்பத்தையோ எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வந்த மாணவர்கள் தங்கள் வீடுகளில் உள்ளதைப் படியெடுத்து, பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து, ஒரே தொகுப்பாக்கலாம். வீட்டுக்கு ஒரு படி, பல்கலைக்கழக நூலகத்திற்கு ஒரு படி. ஐந்தாண்டுகளில் ஐந்து ஊர்கள் நம் கையில் இருக்கும்.

நம் முன்னோர் மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைக்கூட வீணாக்காமல் உரித்துச் சாக்கில் சேர்த்தவர்கள். அதற்கும் விலை உண்டு என்று அறிந்திருந்தார்கள். தங்கள் வாழ்க்கைக்கும் விலை உண்டு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதை நாம் சொல்லலாம்.

வரும் தீபாவளி விடுமுறைக்கு எப்படியும் ஊருக்குப் போவோம். பலகாரம் உண்ட கையோடு ஒரு பழைய படத்தை எடுத்து, வீட்டின் மூத்தவர் அருகில் அமர்ந்து, ‘இவர் யார்?’ என்று கேளுங்கள். சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.