முதலில் நீந்தக் கற்றுக்கொடுங்கள்

மலையக இளைஞர்களை டிரயத்லன் போட்டிக்குத் தயார்படுத்த வேண்டும் என்று ஆர்வத்தோடு பேசுகிறவர்களை அவ்வப்போது சந்திக்கிறேன். ஆர்வம் நல்லதுதான். ஆனால் அவர்களிற் பலர் ஒரே வசனத்தோடுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்: "உங்கள் பிள்ளைகளுக்கென்ன, மலையேறிப் பழகிய கால்கள்!" இந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது.

பாராட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தூர ஓட்டங்களில் தேசிய மட்டத்தில் வென்ற குமார் சண்முகேஸ்வரன் மலையக மண்ணின் பிள்ளை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவைத் தேடி, ஒட்சிசன் செறிவு குறைந்த காற்றிற் பயிற்சி பெறவென்றே கீழ்நாட்டு வீரர்கள் வருகிறார்கள். ஆனால் டிரயத்லன் வெறும் ஓட்டமன்று. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்ற மூன்றும் இடைவெளியின்றித் தொடரும் போட்டி அது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான அளவின்படி 1.5 கிலோமீற்றர் நீந்தி, 40 கிலோமீற்றர் சைக்கிளோட்டி, 10 கிலோமீற்றர் ஓட வேண்டும். புதியவர்களுக்கான சிறிய போட்டியில்கூட 750 மீற்றர் நீச்சல் உண்டு. கால்களைப் பற்றிப் பேசுகிற கனவான்கள், போட்டி தண்ணீரில் தொடங்குகிறது என்பதை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

பல ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "நீராடச் சென்ற இளைஞர் நீரில் மூழ்கிப் பலி" என்ற தலைப்பை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பெயரையும் தோட்டத்தையும் நீர்த்தேக்கத்தையும் மாற்றினால் போதும்; மீதிச் செய்தி அப்படியே பொருந்தும். காசல்ரீ, மவுஸ்ஸாகலை, மேல் கொத்மலை என்று நாலாபுறமும் நீர்த்தேக்கங்கள் சூழ்ந்த நாட்டில் நம் பிள்ளைகள் நீந்தத் தெரியாமல் வளர்கிறார்கள். நான் சென்ற தோட்டப் பாடசாலைகள் எதிலும் நீச்சல் தடாகத்தைக் கண்டதில்லை.

"தடாகம் எதற்கு? அத்தனை பெரிய தண்ணீர் பக்கத்திலேயே கிடக்கிறதே" என்று ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். இதைவிட ஆபத்தான பயிற்சி ஆலோசனை வேறில்லை. இந்த நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. நீர்மட்டம் ஏறும், இறங்கும். நேற்று முழங்காலளவாக இருந்த இடம் இன்று தலைக்கு மேல். கரையோரச் சேறு காலை இழுக்கும். மவுஸ்ஸாகலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. நீர் வற்றும் காலங்களில் பழைய கோயிலின் இடிபாடுகள் வெளியே தெரிவதைப் பார்க்க மக்கள் திரள்வார்கள். அதன் மேல்தான் பிள்ளையைக் குதிக்கச் சொல்கிறார்கள்.

போதாக்குறைக்குக் குளிர். குளிர்நீரில் திடீரென இறங்கும் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும். அந்த முதல் ஒரு நிமிடத்தில் வாய் நீருக்குள் இருந்தால் பலசாலியும் பலவீனனும் ஒன்றுதான். குளிர்தாங்கும் நீச்சலுடை வாங்கச் சொல்வீர்களோ? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ரூபாவானது. அந்த உடை ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

ஆகவே புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு என் ஆலோசனை இதுதான்: முதல் மூன்று மாதங்களுக்கு ஓட்டச் சப்பாத்தை மூலையில் வை. இடுப்பளவு நீரில், தெரிந்தவர் ஒருவர் அருகில் நிற்க, மிதக்கக் கற்றுக்கொள். முகத்தை நீரில் வைத்து மூச்சை விடப் பழகு. பின்பு 25 மீற்றர், பின்பு 50. தடாகத்தில் 400 மீற்றரை நிற்காமல், பதறாமல் நீந்தும்வரை நீர்த்தேக்கத்தின் பக்கம் போகாதே. போகும் நாளிலும் தனியே போகாதே; படகும் உயிர்காப்பு அங்கியும் கூடவே வரவேண்டும். ஓட்டத்தில் களைத்தவன் பாதையோரம் உட்காரலாம், சைக்கிளில் களைத்தவன் இறங்கித் தள்ளலாம். தண்ணீரின் நடுவில் அந்த வசதி கிடையாது.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கியர் உள்ள சாதாரண வண்டி போதும். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு மூடுபனியில் இறங்குகிறவனுக்கு வண்டியின் விலையைவிட பிரேக் கட்டைகளின் தேய்மானமே முக்கியம்.

இன்னொரு பசப்பையும் உடைத்துவிட வேண்டும். கொழுந்து பறிப்பதும் கூடை சுமப்பதுமே இயற்கையான உடற்பயிற்சி என்கிறார்கள். மன்னிக்கவும், உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சிக்குப் பின் ஓய்வும் உணவும் உண்டு; மலையில் நின்றவளுக்கு வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்த உடலை மலையேற்றி ஓடவைத்தால் வருவது பதக்கமல்ல, மயக்கம். ரொட்டியும் தேத்தண்ணியும் சேர்த்தே உண்பது நம் வழக்கம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேயிலை தடுக்கிறது. எனவே தேத்தண்ணியைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். பருப்பையும் நெத்தலியையும் கீரையையும் தேசிக்காய்ப் புளியோடு சேருங்கள். தேயிலை மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

2018இல் கொழும்பில் அயன்மேன் 70.3 போட்டி நடந்தது. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். அப்படியொரு போட்டியில் எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளையொருத்தி நிற்பதைக் காண எனக்கும் ஆசைதான். ஆனால் அவளுக்கு நீந்தக் கற்பிக்கப் பெண் பயிற்சியாளர் வேண்டும். உடை மாற்றக் கதவுள்ள அறை வேண்டும். மகளைத் தண்ணீரில் இறக்கத் தாய்க்கு நம்பிக்கை வரவேண்டும்.

வருடாவருடம் தலைவர்களின் படம் போட்ட பெனியனை மாட்டிவிட்டு ஞாபகார்த்த ஓட்டம் நடத்துகிறீர்களே, ஐயா, அந்தச் செலவை நிறுத்திச் சேருங்கள். தோட்டக் கம்பனிகள் நிலம் தரட்டும், தொழிற்சங்கங்கள் பாதிப் பணம் தரட்டும், விளையாட்டு அமைச்சு பயிற்சியாளரை அனுப்பட்டும். ஹட்டனில் 25 மீற்றர் நீளமும் இடுப்பளவு ஆழமும் கொண்ட ஒரு கற்கும் தடாகம். நுழைவுக் கட்டணம் இருக்கக்கூடாது. திறப்பு விழாக் கல்லில் யாருடைய பெயரை வேண்டுமானாலும் பொறித்துக்கொள்ளுங்கள்.